நடுவரின் சொந்தக்கண்

யுவராஜ் என்று பெயர் வைத்தவர்கள், அந்தப் பிள்ளைக்கும் ஒரு நாள் அறுபது வயதாகும், முட்டி வலிக்கும், முன்வழுக்கை விழும் என்றெல்லாம் யோசித்திருக்க மாட்டார்கள். அவர் தலைமுறையே அப்படித்தான். தினேஷ் தாத்தா, ஹரிஷ் தாத்தா என்று பிள்ளைகள் கூப்பிட்டுக்கொண்டிருக்கும் காலத்தில் யுவராஜ் தாத்தா என்றால் யாரும் சிரிப்பதில்லை. அவரைத் தாத்தா என்று கூப்பிடத்தான் யாரும் இல்லை. இருந்ததெல்லாம் பெயர் போன ஒரு கண், வடபழனியில் ஒரு ஃபிளாட், கோவிலம்பாக்கத்தில் வேறு ஃபிளாட் எடுத்துக்கொண்டு போய்விட்ட ஒரு மனைவி.

மனைவி நிரோஷாவும் ஒளிப்பதிவாளர்தான். இரண்டு பேருக்கும் நடுவில் பிரிகிற அளவுக்குச் சண்டை ஒன்றும் நடக்கவில்லை. கேமராவை ஓரிடத்தில் நிறுத்தி எடுக்கும் வழக்கம் ஒழிந்து, காட்சியைச் சுற்றிலும் கடுகு கடுகாகக் கண்களைப் பதித்து மொத்தத்தையும் வாரிக்கொள்ளும் முறை வந்தது. "சட்டகமே இல்லாத எடத்துல எனக்கு என்ன வேலை" என்று யுவராஜ் வீட்டில் உட்கார்ந்துவிட்டார். நிரோஷா உட்காரவில்லை. விளக்கு இன்னும் நம் கையில்தானே இருக்கிறது என்று வேலைக்குப் போனார். ஸ்டூடியோவுக்குப் பக்கம் என்று ஃபிளாட் எடுத்தார். வாரா வாரம் வீட்டுக்கு வந்தவர் மாதா மாதம் வந்தார், அப்புறம் தீபாவளிக்கு வந்தார், அதற்கும் அப்புறம் தீபாவளிக்கு அவருடைய ஃபோன் மட்டும் வந்தது.

இந்த நிலைமையில்தான் வெள்ளிச்சுடர் விருதுக்கு நடுவராக வர முடியுமா என்று யுவராஜிடம் கேட்டார்கள். சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் சிறந்த ஒளிப்பதிவுக்குத் தரும் விருது அது. அவரே அதை மூன்று தடவை வாங்கியவர். நிரோஷாவின் பெயர் பல தடவை இறுதிச் சுற்று வரைக்கும் வந்து, பக்கத்து இருக்கைக்காரருக்குக் கைதட்டிவிட்டுத் திரும்பியிருக்கிறது. அந்தப் பக்கத்து இருக்கைக்காரர் பெரும்பாலும் யுவராஜ்தான். கௌரவமாக ஒப்புக்கொண்ட பிறகுதான் இந்த வருடம் இறுதிச் சுற்றில் இருக்கும் நான்கு பேரில் நிரோஷாவும் ஒருவர் என்று தெரிந்தது.

நடுவர் குழுவின் தலைவி மெர்சி ஏஞ்சலின் ஒரு படத்தொகுப்பாளர். பேச்சைக்கூட வெட்டி ஒட்டித்தான் பேசுவார். அவர் யுவராஜைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"போன வருஷம் சொந்தக்காரங்களுக்கே மார்க் போட்ட கூத்துக்கு அப்புறம் பேரெல்லாம் மெஷினுக்குள்ள பூட்டியாச்சு சார். நாலும் இன்னும் ரிலீஸ் ஆகாத படைப்பு. எது யாரோடதுன்னு எனக்கே தெரியாது. மல்லி, முல்லை, தாழை, அரளின்னு பூ பேருதான். நம்ம மார்க் போட்டு முடிச்சாத்தான் பேரு திறக்கும். அதனால ஒங்க வீட்டம்மா எடுத்தது எதுன்னு நீங்களே கண்டுபிடிச்சு, அதுக்கு மட்டும் மார்க் போடாம ஒதுங்கிடணும்."

"ஒதுங்கலன்னா?"

"சொந்தக்காரரு மார்க் போட்டார்னு அவங்க படத்த போட்டியிலருந்தே தூக்கிடுவாங்க."

"நான் மொத்தமா குழுவ விட்டே போயிட்டா?"

"அஞ்சு பேரு இல்லாம விருது கிடையாது. இந்த வருஷம் யாருக்கும் இல்லன்னு ஆயிடும். அவங்களுக்கும் இல்ல."

யுவராஜ் சிரித்தார். "ஒரே ஒரு ஷாட் போதும் மேடம். அவ எடுத்தத தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லிடுவேன். பேசறவன் மொகத்த விட்டுட்டு கேக்கறவன் மொகத்தப் புடிப்பா. அதுக்காக நாங்க போடாத சண்டையா."

திரையிடும் அறையில் திரையே இல்லை. ஐந்து சாய்வு நாற்காலிகளும் ஐந்து கண்ணாடிகளும்தான் இருந்தன. கண்ணாடிகளைக் கவனித்துக்கொள்ளும் தொழில்நுட்பப் பொறுப்பாளர் தாமிரா, யுவராஜ் அதைத் தலைகீழாக மாட்டிக்கொள்வதைப் பார்த்து ஓடி வந்தார்.

"சார், இதுவரைக்கும் சொந்தக்கண் போட்டதே இல்லையா?"

"அது வந்த நாள்லருந்து நான் படமே பாக்கறதில்லம்மா."

"ரொம்ப ஈஸி சார். காட்சி முழுசா உள்ள இருக்கு. எந்தப் பக்கம், எவ்வளவு கிட்ட, எவ்வளவு நேரம்ங்கறது நீங்க பாக்கப் பாக்க இதுவே முடிவு பண்ணிக்கும். உங்க கண்ணு ஆசைப்படறதுக்கு ஒரு நொடி முன்னாடியே அங்க கொண்டுபோய் வச்சிடும். எங்க வீட்டுல அம்மாவும் அண்ணியும் ஒரே சீரியல்தான் பாக்கறாங்க. அம்மாவுக்கு அதுல மருமக முறைக்கறது மட்டும்தான் தெரியுது. அண்ணிக்கு மாமியார் மட்டும்தான். ரெண்டு பேரும் அவங்கவங்க பக்கம் நியாயம்னு நிம்மதியா இருக்காங்க."

யுவராஜ் இதையெல்லாம் மேடைக்கு மேடை திட்டியவர். பார்க்கிறவனே படம் பிடித்தால் படம் பிடிக்கிறவன் எதற்கு என்று பேட்டி கொடுத்தவர். ஆனால் கண்ணாடி மூக்கில் ஏறி, மல்லி ஓட ஆரம்பித்ததும் பேட்டி மறந்துபோயிற்று.

அது ஒரு தையல் கடையின் கதை. முதலாளியம்மாள் ஒரு பெண்ணை வேலையை விட்டு நிறுத்துகிறாள். பேசுகிறவளைப் படம் கண்டுகொள்ளவே இல்லை. கேட்டுக்கொண்டு நிற்கும் பெண்ணின் முகம்தான் வந்தது. அவள் அழப்போகிறாள் என்னும்போது முகத்தையும் விட்டுவிட்டு, நூல்கண்டை உருட்டும் விரலுக்குப் போனது. யுவராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். இது நிரோஷாதான். வேறு யாரும் அந்த நேரத்தில் முகத்தை விட மாட்டார்கள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"மேடம், மல்லிக்கு நான் ஒதுங்கிக்கறேன். அவதான்."

"பாருங்க, ஈஸியா முடிஞ்சிடுச்சு" என்றார் மெர்சி.

அடுத்தது முல்லை, தூத்துக்குடித் துறைமுகத்தைப் பற்றிய தொலைக்காட்சித் தொடர். மேலதிகாரி சத்தம் போடுகிறார். படம் அவரை விட்டுவிட்டு, கேட்டுக்கொண்டிருக்கும் கிரேன் ஓட்டுநரின் கழுத்து நரம்பைப் பார்த்தது. யுவராஜ் நெளிந்தார்.

"மேடம், ஒரு சின்ன திருத்தம். முல்லைதான் அவளோடது."

"அப்ப மல்லி?"

"மல்லியும் அவ மாதிரிதான் இருந்தது. ஆனா இது அவளேதான்."

மூன்றாவதான தாழை, காவல்துறை மோப்ப நாய்களைப் பற்றிய தொடர். அதில் பயிற்சியாளர் தன் வாழ்க்கை வரலாற்றையே சொல்லி அழுகிறார். யுவராஜ் பார்த்த தாழையில் பயிற்சியாளர் அழுததாகவே தெரியவில்லை. கேட்டுக்கொண்டிருந்த நாயின் முகம்தான் தெரிந்தது. அந்த நாயின் பொறுமையைப் பார்த்து அவர் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

"இதுவுமா?" என்று கேட்டார் இயக்குநர் பாஸித். அவரும் ஒரு நடுவர். வீட்டில் சர்க்கரை நோயாளி, வெளியில் கிண்டல்காரர். "நாலுல மூணு ஒங்க வீட்டம்மா எடுத்ததா சார்? சாப்பிடவாச்சும் நேரம் இருந்திருக்குமா அவங்களுக்கு?"

மற்ற நடுவர்கள் இருவர் அதிகம் பேசாதவர்கள். அவர்களே சிரித்துவிட்டார்கள்.

நான்காவதாக அரளி ஓடியது. ஒரு சாப்பாட்டு மேசை, அம்மா, மூன்று பிள்ளைகள். அப்பாவுக்கு யார் சிறுநீரகம் கொடுப்பது என்று பேசுகிறார்கள். மூத்தவன் பேசும்போது அவன் வாய்தான் தெரிந்தது. கடைக்குட்டி என்ன நினைக்கிறான் என்று பார்க்க யுவராஜின் கண் தவித்தது. அங்கே ஒன்றும் இல்லை, கும்மிருட்டு. பேச்சு நின்றதும் சோற்றை ஒதுக்கும் ஒரு கை தெரிந்தது. அதை விட்டு வேறு எங்கே போனாலும் இருட்டு. கண்ணாடி அப்படியும் இப்படியும் தேடித் தோற்று, அந்தக் கைக்கே திரும்பி வந்தது. யுவராஜுக்கு யாரோ காதைப் பிடித்துத் திருப்பி வைத்த மாதிரி எரிச்சலாக வந்தது.

"இது யாரோ பிடிவாதக்காரன் எடுத்தது. இங்க பாரு, இங்கதான் பாருன்னு அதட்டறான். கேக்கறவன் மொகத்த ஒரு தடவகூடக் காட்டல. இது அவ இல்ல, அது மட்டும் நிச்சயம்" என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்லதாப் போச்சு. இப்ப மூணுல ஒண்ணுதான்" என்றார் மெர்சி. "சாப்பிட்டு வந்து எதுன்னு சொல்லுங்க. தப்பாச் சொன்னா அவங்க வெளிய போயிடுவாங்க. ஞாபகம் இருக்கட்டும்."

சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்த யுவராஜின் எதிரில் தாமிரா வந்து உட்கார்ந்தார். சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கினார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. மூணு படமும் அவங்க எடுத்த மாதிரி தெரியுதுன்னா, அதுக்குக் காரணம் படம் இல்ல."

"பின்ன?"

"நீங்கதான். கேக்கறவங்க மொகத்தப் பாக்கணும்னு யாரும் அங்க எடுத்து வைக்கல. உங்க கண்ணு போச்சு, கண்ணாடி பின்னாடியே போச்சு."

யுவராஜ் பிசைவதை நிறுத்தினார். "அது எப்படிம்மா? நான் எப்பவும் தலைக்கு மேல நெறைய எடம் விட்டு, பேசறவன் மொகத்தத்தான் பாப்பேன். இதுக்காக அவகிட்ட எவ்வளவு கத்தியிருக்கேன்."

"அது எப்பவோ சார். இப்ப அப்படிப் பாக்கறதில்ல."

அவருக்கு அவமானமாகவும் இருந்தது, ஏனோ சந்தோஷமாகவும் இருந்தது. வீட்டை விட்டுப் போன மனுஷி கண்ணை விட்டுப் போகவில்லை. இத்தனை நாளும் எதைப் பார்த்தாலும் நிரோஷா பார்க்கிற மாதிரியே பார்த்துக்கொண்டு, பக்கத்தில் அவர் இல்லையே என்று வருத்தப்பட்டிருக்கிறார். இதை நினைத்து நெகிழ்ந்துகொண்டு உட்கார்ந்திருக்க நேரமில்லை. தப்பான பூவைச் சொன்னால் நிரோஷாவுக்குக் கிடைக்க வேண்டியது போய்விடும். கைதட்டிவிட்டுத் திரும்பிய வருடங்களில் நிரோஷா வழியெல்லாம் காரில் எதுவுமே பேசாமல் வந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. இந்தத் தடவையும் தன்னால்தான் என்றால் அதைத் தாங்க முடியாது என்று நினைத்தார்.

"அடுத்தவங்க கண்ணால அந்தப் படங்களப் பாக்க முடியுமாம்மா?"

"முடியும். அவங்க பாத்தது பதிவாகியிருக்கு. ஆனா அது அவங்கவங்க அந்தரங்கம். அவங்க சம்மதிக்கணும்."

மெர்சி தோளைக் குலுக்கிச் சரி என்றார். பாஸித் கொஞ்சம் இழுத்தார். ஏன் என்பது அவருடைய மல்லியைப் போட்டதும் புரிந்தது. தையல் கடைக்கு எதிரில் ஒரு ஸ்வீட் ஸ்டால் இருந்தது. முதலாளியம்மாள் அந்தப் பெண்ணை வேலையை விட்டு நிறுத்திய நேரம் முழுவதும், பாஸித்தின் படத்தில் ஜாங்கிரிதான் ஓடியது. துறைமுகத்தில்கூட யாரோ வைத்திருந்த பலகாரப் பொட்டலத்தை அவர் கண்டுபிடித்திருந்தார்.

"வீட்டுல சொல்லிடாதீங்க" என்றார் பாஸித்.

மெர்சியின் மல்லி ஒரே கதவு மயம். யார் உள்ளே வருகிறார்கள், யார் வெளியே போகிறார்கள் என்பதைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. நிரோஷா அதில் எங்கேயும் இல்லை. முல்லையிலும் இல்லை, தாழையிலும் இல்லை. எல்லாவற்றிலும் மூலை முடுக்கெல்லாம் கல்யாண மண்டபம் மாதிரி ஒரே வெளிச்சம். பார்க்கிறவன் எந்தப் பக்கம் திரும்புவானோ, எங்கேயும் விளக்கு இருக்கட்டும் என்பதுதான் தயாரிப்பாளர்களின் கட்டளை.

"அரளியும் போடவா சார்?" என்று கேட்டார் தாமிரா.

"அது அவ இல்லம்மா. சரி, போடு."

மெர்சியின் அரளியில் மூத்தவனின் வாய், பிறகு சோற்றை ஒதுக்கும் கை. பாஸித்தின் அரளியில் மூத்தவனின் வாய், பிறகு சோற்றை ஒதுக்கும் கை. மேசையில் பாயசம் இருந்ததாகக் காட்சிக் குறிப்பைப் பார்த்துத் தாமிரா சொன்னார். பாஸித்தே அதைப் பார்க்கவில்லை. அதிகம் பேசாத இருவரின் படங்களையும் போட்டார்கள். அதே வாய், அதே கை.

தாமிரா இரண்டு தடவை கருவியைச் சரிபார்த்தார். "இது நடக்கக் கூடாதே. இருட்டா இருந்தா கண்ணாடியே வெளிச்சத்தக் கூட்டிக் காட்டும்."

"வெளிச்சம்னு ஒண்ணு இருந்தாத்தானே கூட்டறதுக்கு" என்றார் யுவராஜ் மெதுவாக. "இந்த ஆளு சுத்தமா அணைச்சிருக்காரு. எத்தன தயாரிப்பாளர்கிட்ட திட்டு வாங்கினாரோ."

பாஸித் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "அந்தக் கை சோத்த ஒதுக்கும்போதே, கடைக்குட்டிதான் குடுக்கப் போறான்னு எனக்குத் தெரிஞ்சிடுச்சு."

"அது கடைக்குட்டி கை இல்ல. அம்மாவோட கை. வளையல் தழும்பு இருந்தது" என்றார் மெர்சி.

"தழும்பா? எனக்குத் தெரியலையே."

"இருந்ததுங்க" என்றார் இதுவரை பேசாமலிருந்த ஒருவர். "நானும் பாத்தேன்."

ஒரு ஷாட்டைப் பற்றி மூன்று பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இப்படி ஒரு சண்டையைக் கேட்டு யுவராஜுக்குப் பல வருடம் ஆகியிருந்தது. டீக்கடையிலும் பஸ்ஸிலும் ஒரு காலத்தில் ஊரே போட்ட சண்டை அது. அவரவருக்கு அவரவர் படம் என்று ஆனபிறகு, அந்த சீனைப் பார்த்தியா என்று கேட்பதையே ஜனங்கள் விட்டுவிட்டார்கள். எல்லோரும் திருப்தியாக இருந்தார்கள், பேசிக்கொள்ளத்தான் ஒன்றும் இல்லாமல் போயிற்று. தனக்குப் பிடிக்காத இந்தப் படம் அதைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறதே என்று அவருக்குப் பொறாமையாக இருந்தது.

மெர்சி மார்க் போடும் பலகையை எடுத்தார். "நேரமாச்சு சார். எந்தப் பூ?"

மல்லி என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதைப் பார்த்துத்தான் முதலில் அழுதார். ஆனால் அங்கே அவர் பார்த்தது தன்னிடம் மிச்சமிருந்த நிரோஷாவை. அது பழைய ஆள். தீபாவளிக்கு வந்துகொண்டிருந்த ஆள். அதற்குப் பிறகு நிரோஷா என்ன பார்க்கிறார், எதை விட்டார், எதைப் பிடித்தார் என்று யுவராஜுக்கு என்ன தெரியும்? ஒரு தடவையாவது கேட்டாரா? தெரிந்த முகமாக இருக்கிற மூன்றும் அவர் கண்ணின் வேலை. அவர் கண்ணை உள்ளே விடாமல் கதவைச் சாத்திய ஒன்று பாக்கி இருந்தது.

"அரளி" என்றார்.

"நிச்சயமா அவங்க இல்லன்னு காலைல சொன்னீங்களே. இப்ப அடையாளம் தெரிஞ்சிடுச்சா?"

"தெரியல மேடம். அதனாலதான் சொல்றேன்."

மெர்சி பலகையில் எழுதிக்கொண்டார். அரளிக்கு யுவராஜ் ஒதுங்கினார். மற்ற மூன்றுக்கும் மார்க் போட்டார்.

எல்லோரும் போட்டு முடித்ததும் மெஷின் பெயர்களைத் திறந்தது. அரளிதான் முதலிடம். ஒளிப்பதிவு நிரோஷா. பாஸித் எழுந்து வந்து யுவராஜின் கையைக் குலுக்கினார். "நீங்க மட்டும் மார்க் போட்டிருந்தா அந்தம்மா காலி" என்றார். யுவராஜ் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, தாழ்வாரத்துக்குப் போய் ஃபோன் செய்தார். தீபாவளி இல்லாத ஒரு நாளில் அவர் பெயரைப் பார்த்த ஆச்சரியத்திலோ என்னவோ, நிரோஷா உடனே எடுத்தார்.

"நிரோ, ஒனக்குத்தான்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, "நீயா ஜட்ஜு? என்னுது எதுன்னு கண்டுபிடிச்சியா?"

"கண்டுபிடிச்சேன்."

"எப்படி?"

"அது ஒண்ணுதான் எனக்குப் பிடிக்கல."

நிரோஷா சிரித்துவிட்டார். யுவராஜுக்கும் சிரிப்பு வந்தது. மற்ற மூன்று படங்களிலும் நிரோஷாவே தெரிந்ததை, நாயின் முகம் வரைக்கும், யுவராஜ் சொல்லி முடித்தார். இதைக் கேட்டு நிரோஷா இளகிவிடுவார் என்று ஒரு நப்பாசையும் அவருக்கு இருந்தது.

"ஒனக்கு நான் தெரிஞ்சேன். எனக்கு என்ன தெரிஞ்சதுன்னு கேளு" என்றார் நிரோஷா. "எடுத்ததப் போட்டுப் பாக்கலாம்னு கண்ணாடிய மாட்டினா, எல்லா ஷாட்லயும் தலைக்கு மேல மைதானம் மாதிரி எடம் விட்டிருக்கு. யாருப்பா இப்படி விடறதுன்னு பாத்தா, நீ. செட்டு செட்டா மாத்தறேன், எங்க திரும்பினாலும் ஒன் சட்டகம்தான் வருது. வீட்ட விட்டு வந்தும் என்னால ஒரு ஷாட் நானாப் பாக்க முடியல யுவா. அதான் ஒவ்வொரு வெளக்கா அணைச்சேன். நீ வந்து நிக்கற எடத்தையெல்லாம் அணைச்சேன். கடைசியா, பேச்சு நின்னப்புறம், அந்தக் கை மட்டும் மிஞ்சுச்சு. அது மட்டும்தான் என்னுது."

யுவராஜ் ஃபோனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டு, "விருது வாங்க வரும்போது சொல்லு. நானும் வரேன், கைதட்டறதுக்கு" என்றார்.

"வா" என்றார் நிரோஷா. "ஆனா காருல பேசிக்கிட்டே வரணும்."

யுவராஜ் உள்ளே திரும்பி வந்தபோது மற்றவர்கள் கிளம்பிப் போயிருந்தார்கள். தாமிரா கண்ணாடிகளை ஒவ்வொன்றாக உறையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அரளிய இன்னொரு தடவ போட முடியுமாம்மா?"

"உங்களுக்குத்தான் அது பிடிக்கலையே சார்."

"பிடிக்கல. ஆனா அதுல நான் இருக்கேனாம்."

"எந்த சீன்ல சார்?"

"எல்லா சீன்லயும். இருட்டா இருக்கற எடமெல்லாம் நான்தானாம்."

தாமிரா ஒரு கண்ணாடியை உறையிலிருந்து எடுத்து நேராகப் பிடித்துக் கொடுத்தார். யுவராஜ் அதை மாட்டிக்கொண்டு சாய்ந்தார். சோற்றை ஒதுக்கும் கை வந்தது. அதை அதன் பாட்டுக்கு விட்டுவிட்டு, சுற்றிலும் இருந்த இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.